எதிரே வந்த வெறுங்குடம்

விழிதியூர்ல இன்னிக்குப் போய்க் கேட்டாலும் சொல்லுவாங்க. "இளவேனிலா? பெத்த தாயை வெறுங்குடத்தோட எதிர்ல நிக்க வச்சுட்டு பிளேன் ஏறுனவதானே?" சொல்லும்போது உதட்டை ஒரு சுழி வேற சுழிப்பாங்க. கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். என்ன ஏதுன்னு தெரியாம வாய்க்கு வந்ததைப் பேசுறதுல நம்ம ஆளுங்களை அடிச்சுக்க முடியாது. அன்னிக்கு அந்தக் கொல்லையில மூணே பேர்தான் இருந்தோம். அம்மா, பொண்ணு, நான். மத்த ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுக்கிட்டுத்தான் இதைச் சொல்றேன்.

என் பேரு பெனிட்டா. காரைக்கால் டவுன்ல ஒரு பல் டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன்ல இருக்கேன். அது வயித்துப் பொழப்பு. மத்த நேரமெல்லாம் 'இருகரை'ன்னு ஒரு இளைஞர் பரிமாற்றத் திட்டத்துல வாலண்டியர். பிரான்ஸ்ல கடலோரமா இருக்கிற ஒரு சின்ன ஊர்லேர்ந்து ஆறு பசங்க இங்க வந்து, நம்ம வீடுகள்ல மூணு மாசம் தங்குவாங்க. அப்புறம் நம்ம பசங்க ஆறு பேரு அங்க போய் மூணு மாசம். அங்க ஒருத்தர், இங்க ஒருத்தர்னு ஜோடி. ஒரே வீட்ல தங்கணும், ஒரே வேலை பார்க்கணும். ஒருத்தர் பாதியில நின்னுட்டா இன்னொருத்தர் தனியா திண்டாடணும். முதல் தடவை போயிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தி. இப்ப இங்க நடக்கிற பாதிக்குப் பொறுப்பு என் தலையில.

இளவேனிலை முதல்ல பார்த்தது நேர்காணல்ல. பி.காம் முடிச்சுட்டு வீட்ல இருந்த பொண்ணு. "இத்தனை பேர் வந்திருக்காங்க, உன்னை ஏன் எடுக்கணும்?"னு கேட்டோம். அதுக்கு முன்னாடி வந்த பசங்க பண்பாடு, உலக சமாதானம்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்து ஒப்பிச்சுட்டுப் போயிருந்தாங்க. இவ கொஞ்சம் யோசிச்சுட்டு, "காலையில எங்கம்மா எதிர்ல வந்தாங்க. அதனால எடுத்துடுவீங்க"ன்னா. பக்கத்துல இருந்தவர் சிரிச்சுட்டார். எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "அப்ப உங்கம்மாவையே எடுத்துக்கலாமே"ன்னேன். அவ அசரவே இல்ல. "எடுக்கலாம்க்கா. என்னைவிட நல்லா செய்வாங்க"ன்னா. மனசுக்குள்ள அப்பவே அவளை எடுத்துட்டேன்.

அவ சொன்னதுல பொய் இல்லன்னு விழிதியூர்ல அவங்க தெருவுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுது. அவங்கம்மா சொர்ணாம்பாள் முகம் ராசியான முகம்னு ஊரே நம்புச்சு. யாரு வீட்ல பரீட்சை, யாரு வீட்ல பொண்ணு பார்க்கப் போறாங்க, யாரு ஆபரேஷனுக்குக் கிளம்புறாங்க, எல்லாத்துக்கும் முதல் நாளே வந்து சொல்லிட்டுப் போயிடுவாங்க. "நாளைக்கு ஏழரைக்குக் கிளம்புறோம், சித்த எதிர்ல வந்துடுங்க." இந்தம்மா குளிச்சு, மஞ்சள் பூசி, பித்தளைக் குடம் நிறையத் தண்ணி எடுத்துக்கிட்டு, ஏதோ தற்செயலா வர்ற மாதிரி தெருக்கோடியிலேர்ந்து நடந்து வருவாங்க. சிரிச்சுக்கிட்டே வருவாங்க. கிளம்புறவங்களுக்குப் பாதி பயம் அங்கயே போயிடும். நான் ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவ, இதுலல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனா அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டுக் கிளம்பினா எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, அதை ஏன் மறைக்கணும்?

வாலண்டியர்னா ஏதோ போட்டோவுக்கு நின்னு கைகாட்டுற வேலைன்னு நினைச்சுக்கிட்டு வர்றவங்கதான் அதிகம். இளவேனில் அப்படி வரலை. வெள்ளைக்காரப் பசங்க வர்றதுக்கு முன்னாடி கிளிஞ்சல்மேடு, திருவேட்டக்குடி, டவுன்னு அவங்க தங்கப்போற வீடெல்லாம் என்கூட வந்தா. நான் முன்னால உக்காந்து வீட்டுக்காரங்ககிட்ட காப்பி குடிச்சுக்கிட்டு இருப்பேன். அவ நேராப் பின்னாடி போய் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கா, உள்ளேர்ந்து போட்டா விழுதான்னு பார்ப்பா. இல்லாத வீட்டுக்கு அவளே ஆணி சுத்தியலோட மறுநாள் போவா. "போதும்னு சொன்னா அவங்களுக்குப் போதும்னுதாங்க அர்த்தம். அதுக்கு மேல இட்லி வைக்காதீங்க"ன்னு ஒவ்வொரு வீட்லயும் சொல்லணும். நான் சொன்னா சண்டையில முடியும். அவ சொன்னா கேட்டுக்கிட்டாங்க. பையில எந்நேரமும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம், ஊக்கு, டார்ச், குடை. ஒரு பையனுக்கு வயித்தால போச்சுன்னா, இன்னொரு பொண்ணு ஊர் ஞாபகம் வந்து அழுதான்னா, போன் அவளுக்குத்தான் போகும்.

அவளுக்கு ஜோடியா வந்த பொண்ணு பேரு மயேல். நல்ல உயரம், மூஞ்சி பூரா புள்ளி. தெருவுல ஒரே நாள்ல 'மயிலு' ஆக்கிட்டாங்க. விழிதியூர்ல இளவேனில் வீட்லயே தங்க வச்சோம். வேன்லேர்ந்து இறங்கி அது பெட்டியோட நடந்து வருது, எதிர்ல சொர்ணாம்பாள் அம்மா நிறைகுடத்தோட வர்றாங்க. புள்ளைக்கு என்ன புரிஞ்சுதோ, கையெடுத்துக் கும்பிட்டுடுச்சு. தெருவே சிரிச்சுது.

இளவேனிலோட அப்பா தெட்சிணாமூர்த்திக்கு மயேலைப் பார்த்துட்டா தலைகால் புரியாது. அவருக்குத் தெரிஞ்ச ஒரே பிரெஞ்சு வார்த்தை "பொன்சூர்". காலையில, மதியம், சாயங்காலம் எப்பப் பார்த்தாலும் அதையே சொல்லுவார். வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் வரப்புல நடக்கச் சொல்லிக் குடுத்தார். அது வழுக்கிச் சேத்துல விழுந்தப்ப இவரும் கூடவே இறங்கி உக்காந்துட்டாராம், அது மட்டும் வெக்கப்படக் கூடாதுன்னு. டீக்கடையில ஒருத்தரை விடாம சொல்லி வச்சிருந்தார், "தை முடிஞ்சதும் எம்பொண்ணு பிரான்ஸ் போறா." அவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருந்தார். "அங்க வயல்ல வரப்பு எப்படிப் போட்டிருக்கான்னு பார்த்துக்கிட்டு வந்து சொல்லு."

இளவேனில் மயேலுக்கு முதல்ல கத்துக்குடுத்த பாடம், யாரு வீட்லேர்ந்து கிளம்பினாலும் 'போயிட்டு வரேன்'னு சொல்லணும், வெறுமனே கிளம்பக் கூடாதுங்கிறது. அது அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. கடையில, கோயில்ல, பஸ் கண்டக்டர்கிட்ட எல்லார்கிட்டயும் சொல்லும்.

மார்கழி பொறந்ததும் மழை பிடிச்சுக்கிச்சு. விட்டு விட்டுப் பேஞ்சு, ஒரு ராத்திரி பூராக் கொட்டுச்சு. விடிஞ்சதும் தெட்சிணாமூர்த்தி வயல்ல தண்ணியை வடிய விடணும்னு மண்வெட்டியை வண்டியில கட்டிக்கிட்டுக் கிளம்பினார். மடையை வெட்டி விட்டுட்டு வரப்புல உக்காந்தவர் அப்படியே சாஞ்சுட்டார். பக்கத்து வயல்காரர் பார்த்து ஆள் கூட்டித் தூக்கிக்கிட்டு ஓடியும் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நெஞ்சுல ரொம்ப நாளாவே அடைப்பு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். அந்த மனுஷன் ஒரு நாளும் நெஞ்சு வலின்னு சொன்னது கிடையாது.

நான் போனப்ப தெரு பூரா செருப்பு. உள்ள ஒப்பாரி. இளவேனில் தலைமாட்டுல அழுது அழுது தொண்டை கட்டிப்போய் உக்காந்திருக்கா. தம்பி அஷ்வின் பாலிடெக்னிக்லேர்ந்து ஓடி வந்தவன், யூனிபார்மோட நிக்கிறான். சொர்ணாம்பாள் அம்மா மட்டும் அழலை. ஒரு சொட்டு இல்ல. கூடத்து மூலையைப் பார்த்தபடி உக்காந்திருந்தாங்க. பொம்பளைங்க கட்டிப்பிடிச்சு அழுதாங்க, மாரைத் தட்டினாங்க, "அழுதுடு சொர்ணம்"னு உலுக்கினாங்க. ஒண்ணும் நடக்கல. வெளிய வந்ததும் அதே பொம்பளைங்க, "என்ன கல்நெஞ்சு பாரு"ன்னு பேசினது என் காதுல விழுந்துச்சு. நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டிருப்பேன். சாவு வீடாச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

மயேலை டவுன்ல எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு முடிவு. இது கிளம்பும்போது, யாரும் தடுக்கிறதுக்குள்ள, சொர்ணாம்பாள் அம்மா முன்னாடி குனிஞ்சு, "அம்மா, போயிட்டு வரேன்"னுடுச்சு. கூடத்துல சட்டுன்னு சத்தம் அடங்கிப்போச்சு. சாவு வீட்ல அதைச் சொல்லக் கூடாதே. சொல்லாமத்தான் எழுந்து போகணும். மறுபடி இப்படி ஒரு காரியத்துக்கு வரேன்னு அர்த்தமாயிடும். பெரியப்பா சிதம்பரநாதன், தெட்சிணாமூர்த்திக்கு அண்ணன், "யாருப்பா இதுங்களையெல்லாம் உள்ள விட்டது?"ன்னு எழுந்துட்டார். சொர்ணாம்பாள் அம்மா அன்னிக்குப் பேசினது அந்த ஒரு தடவைதான். "விடுங்க மாமா. இந்த ஒரு புள்ளையாவது வரேன்னு சொல்லுச்சே"ன்னாங்க. மயேலுக்கு ஒண்ணும் புரியல. வேன்ல வரும்போது நான் விளக்கிச் சொன்னதும் அது என் தோள்ல சாஞ்சு அழுதுச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்ல. தெருவுல யாரும் சொர்ணாம்பாள் அம்மாவைக் கெட்ட வார்த்தை சொல்லலை, விரட்டலை. கூப்பிடலை, அவ்வளவுதான். 'ஏழரைக்குக் கிளம்புறோம்'னு சொல்ல ஒருத்தரும் வரலை. இந்தம்மாவும் தானாவே ஒளிய ஆரம்பிச்சாங்க. பக்கத்து வீட்ல வண்டி ஸ்டார்ட் பண்ற சத்தம் கேட்டா கதவுக்குப் பின்னால நின்னுக்குவாங்க. அது தெரு தாண்டினப்புறம்தான் வெளிய வருவாங்க. ஸ்கூலுக்குப் போற சின்னப் பசங்க எதிர்ல வந்தாக்கூட முகத்தைத் திருப்பிக்கிட்டு சந்துக்குள்ள போயிடுவாங்க. இந்தக் காலத்துலயுமான்னு கேக்காதீங்க. கையில ஸ்மார்ட்போன் இருக்கிற அதே தெருதான்.

பொங்கல் அந்த வீட்ல பொங்கலை. இளவேனில் வேலைக்குத் திரும்பிட்டா. பழையபடி பையில டார்ச், ஊக்கு, குடை எல்லாம் இருந்துச்சு. ஆனா ஒரு நாள் கிளினிக்குக்கு வந்து, "அக்கா, நான் பிரான்ஸ் போகலை. வேற யாரையாவது அனுப்புங்க. அம்மாவை விட்டுட்டு என்னால முடியாது"ன்னா. மயேல் தனியா ஆயிடுமேன்னு என் வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். அப்பா செத்துப்போன பொண்ணுகிட்ட திட்டத்தோட சட்டதிட்டம் பேசுற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகலை. "யோசிச்சுச் சொல்லு"ன்னு மட்டும் சொன்னேன்.

அவளைக் கிளப்பினது சொர்ணாம்பாள் அம்மாதான். "உங்கப்பா கடைத்தெரு பூரா சொல்லி வச்சுட்டுப் போயிருக்காரு. அந்த மனுஷன் வார்த்தையைப் பொய்யாக்காதே. அஷ்வின் இருக்கான், நான் பார்த்துக்கிறேன், நீ போ." தினமும் அதையே சொல்லிச் சொல்லி சம்மதிக்க வச்சுட்டாங்க. தானே போய், மூத்தார் பொண்டாட்டியை, அதான் இளவேனிலோட பெரியம்மாவை, எதிர்ல வரச் சொல்லிக் கேட்டுக்கிட்டு வந்தாங்க. தன்னோட பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கி அவங்க கையில குடுத்திருக்காங்க. அதை இளவேனில்தான் என்கிட்ட சொன்னா. "எல்லாருக்கும் எதிர்ல வந்தாங்கக்கா. எனக்கு மட்டும் ஒளிஞ்சுக்கப் போறாங்க"ன்னா.

கிளம்புற அன்னிக்குக் காலையில வேனோட நான் போயிட்டேன். மயேல் உள்ள உக்காந்திருக்கு. தெருவுல சொந்தக்காரங்க கூட்டம். பெரியம்மா பட்டுப்புடவையோட, குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருக்கோடியில தயாரா நிக்கிறாங்க. இளவேனில் சாமி கும்பிட்டு, அப்பா போட்டோவுக்குக் கும்பிட்டு, வாசலுக்கு வந்தா. "அம்மா எங்க?"ன்னா. அஷ்வின் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "கொல்லையில இருக்காங்க. அங்கேர்ந்தே சொல்லிட்டாங்க, போயிட்டு வரச் சொல்லி"ன்னான். பெரியம்மா நடக்க ஆரம்பிச்சாச்சு. இளவேனில் படியிறங்கி ரெண்டு எட்டு வச்சா. நின்னா. அப்படியே திரும்பி வீட்டுக்குள்ள போயிட்டா.

கிளம்பின கால் திரும்பி உள்ள போகலாமா? தெருவே 'ஐயய்யோ'ன்னுச்சு. சிதம்பரநாதன், "யாராவது அவளைப் பிடிங்கப்பா"ன்னு கத்துறார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கொல்லையில வாழை மரத்துக்குக் கீழ துவைக்கிற கல்லுல சொர்ணாம்பாள் அம்மா உக்காந்திருந்தாங்க. பக்கத்துல ஒரு எவர்சில்வர் குடம், தண்ணி ரொப்பி. பொண்ணைப் பார்த்ததும் முகத்தை முந்தானையால மூடிக்கிட்டாங்க. பெத்த பொண்ணு பார்க்கக் கூடாதுன்னு முகத்தை மூடிக்கிட்டாங்க!

"அம்மா, எழுந்து வா. நீதான் எதிர்ல வரணும்."

"போடி. நேரமாச்சு. இப்படித் திரும்பி வருவாங்களா? உள்ள போய் உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுக் கிளம்பு."

நான் பொறுக்க முடியாம, "என்னம்மா நீங்க, ஊரு சொல்லுதுன்னு பெத்த பொண்ணுக்கு முகத்தைக் காட்டாம..."ன்னு ஆரம்பிச்சேன். இளவேனில், "அக்கா, சித்த சும்மா இருங்க"ன்னா. அவ அப்படி என்கிட்ட சொன்னதே இல்ல.

சொர்ணாம்பாள் அம்மா முந்தானையை இறக்கினாங்க. "ஊரு சொல்லுதுன்னா ஒளிஞ்சிருக்கேன்? ஊரு என்னத்தையாவது சொல்லிட்டுப் போகுது. அன்னிக்கு உங்கப்பா கிளம்பும்போது எதிர்ல வந்தவ யாருடி?"

"நீதான். நீதான் தினமும் வருவ."

"எப்படி வந்தேன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது. யாருக்குமே தெரியாது. அந்தம்மா அன்னிக்குத்தான் முதல் தடவையா வாயைத் தொறந்து சொன்னாங்க. ராத்திரி பூரா மழை, கரண்டு இல்ல, மோட்டார் போட முடியல, டேங்குல சொட்டுத் தண்ணி கிடையாது. அடிபம்புக்குப் போகலாம்னு குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு சந்துலேர்ந்து தெருவுக்குத் திரும்பியிருக்காங்க. நேர் எதிர்ல புருஷன் வண்டியோட.

"வெறுங்குடம்டி. ஊருக்கெல்லாம் நிறைகுடம் தூக்கினவ, கட்டின புருஷன் முன்னாடி வெறுங்குடத்தோட நின்னேன். 'உள்ள வாங்க, சித்த உக்காந்துட்டுப் போங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோணுச்சு. தோணாமல்லாம் இல்ல. அடுத்த மழைக்குள்ள போயிட்டு வந்துடட்டுமேன்னு விட்டுட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'என்ன சொர்ணம், கரண்டு இல்லையா? இரு, வந்து பார்க்கிறேன்'னுட்டுப் போனாரு."

இதைச் சொல்லும்போதும் அந்தம்மா கண்ணுல தண்ணி வரலை. குரல் காஞ்சுபோயிருந்துச்சு. நான் மெதுவா, "அம்மா, டாக்டரே சொன்னாரே, ரொம்ப நாளா அடைப்பு இருந்துச்சுன்னு"ன்னேன்.

"டாக்டருக்குக் குடம் தெரியுமா?"ன்னு என்னைக் கேட்டாங்க.

இளவேனில் ஆறுதல் சொல்லலை. 'அதெல்லாம் இல்லம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. குனிஞ்சு அந்த எவர்சில்வர் குடத்தை எடுத்தா. இருந்த தண்ணியை எல்லாம் வாழை அடியில கவுத்தா. கடைசிச் சொட்டு வரைக்கும் உதறினா. அம்மா மடியில வச்சா.

"இந்தா. இதோடயே எதிர்ல வா."

"பைத்தியமாடி நீ?"

"அப்பாவுக்கு எப்படி வந்தியோ அப்படியே எனக்கும் வா. நான் உள்ள போய் உக்கார மாட்டேன், தண்ணி குடிக்க மாட்டேன். நேராப் போய் வேன்ல ஏறுவேன். போயிட்டுத் திரும்பி வந்து உன் முன்னாடி நிப்பேன். நான் வந்து நின்னுட்டா, அப்பா போனதுக்கு நீ காரணம் இல்ல. சரியா?"

"வரலைன்னா?"

"வருவேம்மா."

"வரலைன்னா நான் என்னடி பண்ணுவேன்?" அந்தம்மா குடத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நம்பிக்கை இல்லாதவன்னு சொன்னேனே, அந்த நிமிஷம் நானும் பயந்தேன். வேணாம்டி, இந்த விளையாட்டு வேணாம்னு கத்தணும்போல இருந்துச்சு. இளவேனில் அம்மா முன்னாடி மண்டி போட்டு உக்காந்தா. "நீ வராட்டி நான் போகலை. போகாம இருந்தா, நீ ஆயுசுக்கும் இந்தக் கல்லுல ஒளிஞ்சு உக்காந்திருப்ப. அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணும். எனக்கு அது வேணாம்."

வாசல்ல வேன்காரர் ஹாரன் அடிச்சார். சொர்ணாம்பாள் அம்மா எழுந்தாங்க. புடவையை உதறிச் சரி பண்ணிக்கிட்டாங்க. குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, சந்து வழியா தெருவுக்கு நடந்தாங்க.

இதைத்தான் தெரு பார்த்துச்சு. பொட்டு இல்லாத நெத்தியோட, இடுப்புல காலிக்குடத்தோட சொர்ணாம்பாள் சந்துலேர்ந்து திரும்பி நடுத்தெருவுல நடந்து வர்றா. பட்டுப்புடவை கட்டி நிறைகுடத்தோட நின்ன பெரியம்மா அப்படியே சுவரோரம் ஒதுங்கிட்டாங்க. ஒருத்தி வாயில அடிச்சுக்கிட்டா. சிதம்பரநாதன், "இது என்ன அநியாயம், குடும்பத்தையே அழிக்கப் பார்க்குறியா?"ன்னு தம்பி பொண்டாட்டியைப் பார்த்துக் கத்தினார். அந்தம்மா அவரைப் பார்க்கவே இல்ல. பொண்ணை மட்டும் பார்த்துக்கிட்டு வந்தாங்க. சிரிக்கப் பார்த்தாங்க, பழைய மாதிரி. வரலை. உதடு மட்டும் கோணிச்சு.

"போயிட்டு வரேம்மா"ன்னா இளவேனில், தெருவுக்கே கேக்குற மாதிரி. வேன் ஜன்னல்லேர்ந்து மயேலும், "போயிட்டு வரேன் அம்மா"ன்னுச்சு. இந்தம்மா தலையை மட்டும் ஆட்டினாங்க. வேன் கிளம்பி திரும்புற வரைக்கும் கண்ணாடியில பார்த்தேன். நடுத்தெருவுல அந்தக் குடத்தோட ஒத்தையா நின்னாங்க. பக்கத்துல யாரும் போகலை.

அங்க போன இளவேனில் ஒரு பள்ளிக்கூடத்து சமையல்கட்டுலயும் ஒரு முதியோர் இல்லத்துலயும் வேலை பார்த்தா. தினமும் காலையில குளிர்ல மூக்கு சிவக்க நின்னுக்கிட்டு அம்மாவுக்கு வீடியோ கால். ஒரு நாள் வயலைக் காட்டினா. வரப்பே இல்லாம கண்ணுக்கு எட்டின வரைக்கும் கோதுமை. "அப்பா கேட்டாருல்லம்மா, வரப்பே இல்ல பாரு"ன்னா. "வரப்பு இல்லாம எப்படி நடப்பாங்களாம்?"னு சொர்ணாம்பாள் அம்மா கேட்டாங்களாம். அது ஒண்ணுதான் அந்த மாசங்கள்ல அந்தம்மா பேசின சாதாரணப் பேச்சு. மத்த நாளெல்லாம், "நல்லா இருக்கியா? கை கால் எல்லாம் நல்லா இருக்கா?" இதேதான். பொண்ணைக் கேமராவுல முழுசா நிக்கச் சொல்லிப் பார்ப்பாங்க.

நடுவுல ஒரு தடவை போன் வரலை. மறுநாளும் வரலை. மூணாம் நாள் மதியம் கிளினிக்ல கூட்டம், நிமிர்ந்து பார்க்கிறேன், வாசல்ல சொர்ணாம்பாள் அம்மா. புருஷன் போனப்புறம் ஊரை விட்டு வெளிய வராத மனுஷி, வெயில்ல பஸ் ஏறி வந்திருக்காங்க. முகத்துல ரத்தமே இல்ல. "பெனிட்டா, நான் அந்தக் குடத்தை எடுத்திருக்கக் கூடாதும்மா"ன்னாங்க. பல்லைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த பேஷண்ட்டெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. நான் மயேல் நம்பருக்கு அடிச்சேன். அங்க அப்பதான் விடியுது. அது தூக்கத்துலேர்ந்து எழுந்து சொல்லுச்சு, கடற்கரையில இளவேனில் போன் தண்ணியில விழுந்துடுச்சாம், முந்தாநாளே மயேல் போன்லேர்ந்து அஷ்வினுக்கு மெசேஜ் அனுப்பிட்டாங்களாம். அந்தப் பய பார்க்கவே இல்ல. அவனை அன்னிக்கு நான் திட்டின திட்டு இன்னும் அவன் காதுல கேக்கும்.

இளவேனில் பேசினா. இந்தம்மா ரெண்டு கையாலயும் போனைப் பிடிச்சுக்கிட்டு, "பேசு, பேசிக்கிட்டே இரு"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. டாக்டர் உள்ளேர்ந்து வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டார்.

அவ திரும்பி வந்தது சித்திரை வெயில்ல. நான்தான் வேன்ல போய் ஏர்போர்ட்லேர்ந்து கூட்டிக்கிட்டு வந்தேன். ஆறு பசங்களும் வழியெல்லாம் பாட்டும் கூத்துமா வந்தாங்க. இவ மட்டும் ஊர் நெருங்க நெருங்க ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நகர்ந்து நகர்ந்து உக்காந்தா.

வேன் நின்னுது. தெருவுல கூட்டம், அன்னிக்கு இருந்த அதே ஆளுங்க. ஆரத்தித் தட்டோட பெரியம்மா. ஓரத்துல சொர்ணாம்பாள் அம்மா. ஒளியலை, ஆனா முன்னாலயும் வரலை. இளவேனில் ஆரத்தியைத் தாண்டி நேரா அவங்ககிட்ட போய் நின்னா. "வந்துட்டேம்மா"ன்னா.

அந்தம்மா பொண்ணோட முகத்தைத் தொட்டாங்க. தோளைத் தொட்டாங்க. ஒவ்வொரு விரலா பிடிச்சுப் பார்த்தாங்க. பார்த்து முடிச்சதும் அப்படியே தெரு மண்ணுல உக்காந்துட்டாங்க. "என்னங்க..."ன்னு ஒரு குரல் வந்துச்சு. "என்னங்க... வந்து பார்க்கிறேன்னுட்டுப் போனீங்களே..." தலையில அடிச்சுக்கிட்டு, தெருவே அதிரும்படி அழுதாங்க. நான் என் வாழ்க்கையில அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்ல.

பெரியம்மா பதறிப்போய், "நல்லது நடந்திருக்கு, இப்பப் போய் அழுவுறியே சொர்ணம்"னு தூக்க வந்தாங்க. இளவேனில் குறுக்கே கையை நீட்டித் தடுத்தா.

"விடுங்க பெரியம்மா. இப்பதான் அப்பாவுக்காக அழுவுறாங்க"ன்னுட்டு, பையைக் கீழ போட்டுட்டு அவளும் பக்கத்துல மண்ணுல உக்காந்துட்டா.